ஏற்காட்டு ஏற்றத்துக்கு ஒரு ரீமேப்: ஸ்விஃப்ட் டீசலில் ஐந்து மாத அனுபவம்

சேலத்தில் ஓமலூர் சாலைப் பக்கம் உள்ள ஒரு டியூனிங் கடையில் என் ஸ்விஃப்ட் டீசல் காருக்கு ரீமேப் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில் உள்ள 'மேப்' என்ற அட்டவணைகளை மாற்றி எழுதுவது) செய்துகொண்டு ஐந்து மாதம் ஆகிறது. இடையில் ஏறக்குறைய எண்பது முறை ஏற்காட்டுக்கு ஏறி இறங்கியிருக்கிறேன். அஸ்தம்பட்டியில் குடியிருந்துகொண்டு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப் பார்ப்பவன் என்பதால், வாரத்தில் நான்கு நாள் அந்த மலைப்பாதைதான் எனக்கு அலுவலகச் சாலை. கடையின் பெயரைவிட அவர்கள் வேலை செய்த முறையே மற்றவர்களுக்குப் பயன்படும் என்று கருதுவதால், பெயரை விட்டுவிட்டு முறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

வண்டி 2014-ஆம் ஆண்டின் விடிஐ மாடல். ரீமேப்புக்குக் கொடுத்தபோது 1,32,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 1,248 சிசி டீசல் எஞ்சின், 75 குதிரைத்திறன், 2,000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) 190 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) என்பது கம்பெனி தந்த அளவு. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டதால், இந்த எஞ்சினை விரும்புகிறவர்கள் கையில் இருப்பதைக் காப்பாற்றித்தான் ஓட்ட வேண்டும். இதை ஓட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறை ஒன்று உண்டு. 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ (வெளியேறும் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) முழுதாக வேலை செய்யாது. அதைத் தாண்டியதும் திடீரென்று இழுக்கும். சமவெளியில் இது பழகிப்போகும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை உள்ள இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பழகவே பழகாது. வளைவுக்குள் நுழையும்போது இரண்டாவது கியரில் 1,400 ஆர்பிஎம்முக்கு இறங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும், முதல் கியருக்குப் போனால் எஞ்சின் அலறும், பின்னால் வருகிற பேருந்துக்காரர் ஹாரன் அடிக்கத் தொடங்குவார்.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறை முதலில் சொல்ல வேண்டும். வேறொரு கடையில் டியூனிங் பாக்ஸ் ஒன்றை வாங்கி மாட்டினேன். காமன் ரயில் டீசல் எஞ்சினில் (எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகை) எரிபொருள் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) நடுவில் இந்தச் சிறு பெட்டி உட்கார்ந்துகொள்ளும். உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவான அளவை அது ஈசியூவுக்குக் காட்டும். ஈசியூ அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். ஒவ்வொரு பீய்ச்சலிலும் கூடுதல் டீசல் உள்ளே போகும். காற்று எவ்வளவு வருகிறது என்ற கணக்கு அந்தப் பெட்டிக்குக் கிடையாது. ஓமலூர் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது பிக்கப் நன்றாகவே இருந்தது. மலை ஏறத் தொடங்கியதும் பின் கண்ணாடியில் கருப்புப் புகை தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, 14-ஆவது வளைவில் எஞ்சின் விளக்கு எரிந்து, வண்டி பாதுகாப்பு நிலைக்குப் போய், அதற்குமேல் ஊர்ந்துதான் சென்றது. எரிபொருள் அழுத்தம் எதிர்பார்த்த அளவோடு ஒத்துப்போகவில்லை என்பது பதிவாகியிருந்த பிழை. அன்று வண்டியில் என் தாயாரும் இருந்தார். மறுநாளே பெட்டியைக் கழற்றிவிட்டேன். விற்றவர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

மலையில் ஏன் அப்படி ஆனது என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் டியூனிங் என்றால் என்ன கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்தது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர் அளவில் இருக்கிறது. காற்றழுத்தம் கீழே சுமார் 980 மில்லிபார் என்றால் மேலே சுமார் 850 மில்லிபார்தான். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் இந்த வித்தியாசத்தை அப்படியே திறனில் இழக்கும். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. டர்போ உள்ள எஞ்சின் இழப்பை ஈடுகட்டப் பார்க்கும். எடுத்துக்காட்டாக, உள்ளே 2,000 மில்லிபார் முழு அழுத்தம் வேண்டும் என்று ஈசியூ கேட்டால், சேலத்தில் டர்போ வெளிக்காற்றை 2.04 மடங்கு அழுத்தினால் போதும், ஏற்காட்டில் 2.35 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு டர்போவின் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், காற்றும் இன்னும் சூடாகும். இதனால்தான் கம்பெனி எழுதிய மேப்பில், வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய டர்போ அழுத்தத்தையும் எரிபொருளையும் அளவாகக் குறைக்கும் ஒரு திருத்தம் இருக்கும். கவனமில்லாமல் ரீமேப் செய்பவர் இந்தத் திருத்தத்தைத் தட்டையாக்கிவிட்டால், வண்டி கீழேயும் மேலேயும் ஒரே மாதிரி இழுக்கும், ஓட்டுகிறவருக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கும், டர்போவின் ஆயுள் மட்டும் ஒவ்வொரு ஏற்றத்திலும் கரையும். பைபாஸில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். சேர்வராயன் மலைக்கு ஏறும் வண்டிக்கு இதுதான் முதல் கேள்வி.

ஆகவே இந்த முறை நான்கு கடைகளுக்குப் போனபோது எல்லோரிடமும் அதையே கேட்டேன்: உங்கள் மேப்பில் உயரத்துக்கான திருத்தத்தை என்ன செய்வீர்கள்? இரண்டு இடத்தில் கேள்வியே புரியவில்லை. ஓரிடத்தில் "எல்லாம் சாஃப்ட்வேரே பாத்துக்கும் சார்" என்றார்கள். ஓமலூர் சாலைக் கடைக்காரர் மட்டும் லேப்டாப்பைத் திறந்து, இன்னொரு வண்டியின் மேப்பில் அந்த அட்டவணை எது என்று காட்டி, அதைத் தொடுவதில்லை என்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். மாற்றிய மேப் உள்ள ஃபைலைத் தானே எழுதுவதில்லை என்பதையும், வண்டியிலிருந்து எடுக்கும் பதிவுகளைக் கோயம்புத்தூரில் உள்ள ஒருவருக்கு அனுப்பி, அவர் எழுதித் தருவதைத்தான் ஏற்றுவதாகவும் நான் கேட்காமலே சொன்னார். பல கடைகள் இப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் வாடிக்கையாளரிடம் அதை மறைத்துவிடுவார்கள். எழுதுபவர் வேறு, ஏற்றுபவர் வேறு என்பதில் தவறில்லை. பதிவுகளை ஒழுங்காக எடுத்து அனுப்புகிறார்களா, அல்லது வண்டியின் பெயரை மட்டும் சொல்லி ஏதோ ஒரு பொது ஃபைலை வாங்கி ஏற்றுகிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் நாள் ரீமேப் செய்யவே இல்லை. பக்கத்து இருக்கையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவர் உட்கார, நான் ஓட்டினேன். மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து 3,000 வரை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொன்னார். அதே சாலையில், அதே திசையில் மூன்று முறை. திரையில் இரண்டு கோடுகள் ஓடின. ஒன்று ஈசியூ கேட்கும் டர்போ அழுத்தம், மற்றொன்று உண்மையில் கிடைக்கும் அழுத்தம். இரண்டாவது கோடு முதல் கோட்டை எட்டிப் பிடிக்காமல், கடைசி வரை ஒரு விரற்கடை கீழேயே வந்துகொண்டிருந்தது. கடைக்குத் திரும்பி பானட்டைத் திறந்து, டர்போவின் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். விரலில் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது. குழாயை அமுக்கியதும் கிளிப்பை ஒட்டி நகத்தின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. அழுத்தம் ஏறும்போது மட்டும் அது விரியும். வண்டி சும்மா ஓடும்போது கண்ணுக்கே தெரியாது. "சார், இந்த ஹோஸை மாத்தாம நான் மேப் போட்டேன்னா, டர்போ அதுக்கும் சேத்து சுத்தணும்ங்க. முதல்ல இதை மாத்திட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, அதுக்கப்புறமும் வேணும்னு தோணுச்சுன்னா வாங்க," என்றார்.

அந்த ஒரு வாரம் எனக்கு முக்கியமான பாடம். ஹோஸையும் ஏர் ஃபில்டரையும் மாற்றி, காற்றின் அளவைக் காட்டும் சென்சாரை அதற்குரிய ஸ்பிரேயால் சுத்தம் செய்ததில், நான் ரீமேப்பில் எதிர்பார்த்த முன்னேற்றத்தில் கணிசமான பங்கு அப்போதே கிடைத்துவிட்டது. லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியை வைத்துக்கொண்டு திறன் போதவில்லை என்று நினைப்பவர்கள், கம்பெனி கொடுத்த திறனாவது முழுதாகக் கிடைக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். அதற்கு ஆகும் செலவு ரீமேப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

இரண்டாம் முறை போனபோது கிளட்சைச் சோதித்தார். நான்காவது கியரில் குறைந்த வேகத்தில் முழுதாக மிதித்தால், வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. என் வண்டியில் லேசாக ஏறியது. பழைய கிளட்சோடு டார்க்கைக் கூட்டினால் ஏற்காட்டுக்கு நான்கு முறை போய்வருவதற்குள் கருகிவிடும் என்றார். கிளட்ச் செட்டை என் வழக்கமான மெக்கானிக்கிடமே மாற்றிக்கொள்ளலாம் என்று அனுப்பியும் வைத்தார். தன் கடையில்தான் செய்ய வேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை.

மூன்றாம் முறைதான் ரீமேப் நடந்தது. முதலில் ஈசியூவில் உள்ள கம்பெனி ஃபைலை முழுதாகப் படித்து ஒரு பிரதி எடுத்தார். இந்தப் பிரதி இல்லாமல் எந்தக் கடையிலும் ரீமேப்புக்குச் சம்மதிக்கக் கூடாது. பிறகு நான் கேட்டதையும் பதிவுகளையும் வைத்து எழுதிய ஃபைல் வந்தது. நான் கேட்டது உச்சத் திறன் அல்ல. இந்த எஞ்சினில் 95 குதிரைத்திறன் வரை எடுக்கலாம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. 4,000 ஆர்பிஎம்மில் கிடைக்கும் அந்தக் கூடுதல் இருபது குதிரைகளால் கொண்டை ஊசி வளைவில் எனக்கு ஒரு பயனும் இல்லை. 1,600-க்கும் 2,800-க்கும் இடையில் நிதானமாக இழுக்க வேண்டும், 2,000-இல் வரும் அந்தத் திடீர் உதை மென்மையாக வேண்டும், டார்க் 220 நியூட்டன் மீட்டரைத் தாண்டக் கூடாது, புகை கூடக் கூடாது என்றேன். புகை எல்லை என்ற அட்டவணைதான் டீசல் ரீமேப்பின் மனச்சாட்சி. உள்ளே வரும் காற்றின் எடைக்கு எவ்வளவு டீசல் வரை விடலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. அதை அவிழ்த்துவிட்டால் எண்கள் ஏறும். புகையும், வெளியேறும் வாயுவின் வெப்பமும் சேர்ந்தே ஏறும்.

மாற்றத்தை எங்கள் பழைய முறையிலேயே அளந்தோம். மூன்றாவது கியரில் 1,500-இலிருந்து 3,000 ஆர்பிஎம்முக்கு, ஹோஸ் மாற்றிய பின் சராசரியாக 8.6 விநாடி ஆனது. ரீமேப்புக்குப் பின் 7.3 விநாடி. இந்தக் கடையில் திறனை அளக்கும் டைனோ இயந்திரம் இல்லை என்பது ஒரு குறைதான். ஆனால் டைனோ தரும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. கம்பெனி சொல்லும் 75 எஞ்சினில் அளந்தது; டைனோ அளப்பது சக்கரத்தில் வருவது; நடுவில் கியர்பாக்ஸும் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஒரே டைனோவில், ஒரே நாளில், முன்னும் பின்னும் அளந்த இரண்டு எண்களின் வித்தியாசத்துக்குத்தான் பொருள் உண்டு.

இப்போது சாலையில் என்ன தெரிகிறது என்றால், 1,600 ஆர்பிஎம் இருந்தால் போதும், இரண்டாவது கியரிலேயே பெரும்பாலான வளைவுகளிலிருந்து வண்டி முனகாமல் வெளியே வருகிறது. முன்பு இருபது வளைவுகளில் பதினொன்றில் முதல் கியருக்குப் போவேன். இப்போது எதிரே பேருந்து வந்து நிற்க நேர்ந்தால் மட்டும் போகிறேன். 1,500-க்குக் கீழே எந்த மாற்றமும் இல்லை. டர்போவைச் சுழற்றுவதற்கு வேண்டிய வாயு அங்கே எஞ்சினிலிருந்து வருவதில்லை. அதை எந்த மென்பொருளாலும் உண்டாக்க முடியாது. அங்கேயும் மிதித்து இழுக்க நினைக்காமல் கியரைக் குறைப்பதே எஞ்சினுக்கு நல்லது. மேலே, ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்குச் சற்று முன்னால் ஒரு நாள் பதிவு எடுத்துப் பார்த்தோம். ஈசியூ கேட்கும் அழுத்தம் அடிவாரத்தைவிடக் குறைந்திருந்தது. உயரத் திருத்தம் அப்படியே இருக்கிறது என்பதற்கு அதுதான் சான்று. மைலேஜில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரீமேப்புக்குப் பின் எடுத்த புகைச் சோதனையிலும், பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் மாசு விதி) டீசல் வண்டிக்கான 1.62 என்ற புகை அடர்த்தி எல்லைக்குள்ளேயே அளவு வந்தது.

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலில் ஏற்றிய ஃபைலில், மெதுவாக ஊரும்போது ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டாலே வண்டி துள்ளியது. ஐந்து ரோடு சிக்னலில் முன்வண்டியை இடித்துவிடுவேனோ என்று அஞ்சும் அளவுக்கு இருந்தது. திருத்திய ஃபைல் வர ஒன்பது நாள் ஆனது. இரண்டு நாளில் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பதிவுகளின் அச்சுப் பிரதியை நான் வற்புறுத்திக் கேட்ட பிறகே தந்தார்கள். ரீமேப்புக்கு 18,000 ரூபாய் வாங்கினார்கள்; செய்த வேலை என்ன என்பது பில்லில் ஒரு வரிதான். எல்லாவற்றையும்விட, சட்டத்தைப் பற்றியும் காப்பீட்டைப் பற்றியும் அவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பாகங்களைப் பொருத்துவது உட்பட, அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வண்டியின் உரிமையாளருக்கு விதிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கு நானே எழுதித் தெரிவித்தேன். வாரண்டி முடியாத புது வண்டி வைத்திருப்பவர்கள் ரீமேப் பக்கமே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

தடை குறைவான ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். கம்பெனி சைலன்சரால் இந்த எஞ்சினுக்குத் தடை ஒன்றும் பெரிதாக இல்லை, சத்தம்தான் கூடும், அந்த மலையில் மனிதர்கள் வசிக்கிறார்கள். இஜிஆரை (மாசைக் குறைக்க, வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு) அடைத்துவிடச் சொல்லி இன்னொரு வாடிக்கையாளர் என் முன்னிலையில் கேட்டபோது, கடைக்காரரே மறுத்துவிட்டார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் சிலர் என்னைப் பார்த்து ஆசைப்பட்டார்கள். டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு ரீமேப் செய்வதால் கிடைப்பது மிகச் சொற்பம். காற்றை அதிகமாக உள்ளே தள்ள வழி இல்லாத எஞ்சினில் மென்பொருள் எதைக் கூட்ட முடியும்? டர்போ பெட்ரோலுக்குப் பலன் உண்டு. ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலில் உள்ளே போகும் காற்றே சூடாக இருக்கும்போது எஞ்சின் நாக் ஆகும் (எரிபொருள் நேரம் தவறி வெடித்துத் தட்டும்) அபாயம் கூடுகிறது. எந்த ஆக்டேன் (நாக் ஆகாமல் தாங்கும் திறனைக் காட்டும் எண்) பெட்ரோலுக்கு எழுதிய மேப் என்று கேட்டு, அதற்கேற்ற பெட்ரோலைத்தான் எப்போதும் போட வேண்டியிருக்கும்.

நான் இவ்வளவு எழுதியது ஏறுவதைப் பற்றி. செலவில் எனக்கு மிகுந்த மனநிறைவு தந்தது இறங்குவதற்காகச் செய்ததுதான். என் மாடலுக்கு வந்த 165/80 ஆர்14 டயர்களுக்குப் பதிலாக 185/70 ஆர்14 போட்டேன். சக்கரத்தின் மொத்த உயரம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே மாறுகிறது, ஸ்பீடோமீட்டர் பிசகாது, சாலையைப் பிடிக்கும் அகலம் கூடுகிறது. முன் பிரேக் பேடுகளை மாற்றி, பிரேக் ஆயிலையும் புதிதாக டாட் 4 ஊற்றினேன். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிநிலை உடையது. ஈரத்தை உறிஞ்சிப் பழையதாகிவிட்டால் அது 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். இருபது வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிற பழக்கமும் பழைய ஆயிலும் சேர்ந்தால், அடிவாரத்துக்கு வருவதற்குள் பெடல் மெத்தென்று உள்ளே போகும். இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குவதுதான் முறை. ரீமேப் அதை மாற்றவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி முன்பு போலவே பிடிக்கிறது என்பதையும் முதல் வாரத்திலேயே சோதித்துக்கொண்டேன்.

கம்பெனி ஃபைலின் பிரதியை ஒரு பென் டிரைவில் வாங்கி, தேதியும் கிலோமீட்டரும் எழுதிய சீட்டை ஒட்டி, ஆர்சி புத்தகத்தோடு வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். இந்த வண்டியை எப்போதாவது விற்க நேர்ந்தால், பழைய மேப்பை மறுபடி ஏற்றிய பிறகே கொடுப்பேன். ரீமேப்போடுதான் வேண்டும் என்று வாங்குகிறவர் கேட்டால், பதிவுகளின் அச்சுப் பிரதிகளையும் சேர்த்தே அவர் கையில் கொடுப்பேன்.